சூரியனின் முடிவும் 'நாம்' என்னும் சொல்லும்: ஸ்டேப்பிள்டனின் நெடுங்காலப் புனைவு – ஒரு மொழியியல் நோக்கு

1. முன்னுரை

சூரியன் என்றேனும் ஒருநாள் தன் எரிபொருள் தீர்ந்து ஒடுங்கும் என்பது இன்று பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெறும் எளிய செய்தி. இச்செய்தியை அடுத்து ஒரு வினாவும் வழக்கமாக எழுப்பப்படுகிறது: 'அப்போது நாம் என்ன செய்வோம்?' கேட்பதற்கு இயல்பான வினாவே. ஆயினும் அதிலுள்ள 'நாம்' என்னும் சொல் யாரைச் சுட்டுகிறது என்பது எளிதில் விடை காணக்கூடியதன்று. பேசுபவரும் கேட்பவரும் மறைந்து பல கோடி ஆண்டுகள் கழிந்தபின் நிகழவிருக்கும் ஒன்றை, பேசுபவரையும் கேட்பவரையும் உளப்படுத்தும் சொல்லால் எவ்வாறு கூற இயலும்?

ஆங்கிலத்தில் இவ்வினா எழுவதில்லை. அம்மொழியின் 'வீ' என்னும் ஒற்றைச் சொல் கேட்பவரை உள்ளடக்கியும் வரும், விலக்கியும் வரும். தமிழில் மொழிபெயர்ப்பவர் 'நாம்', 'நாங்கள்' ஆகிய இரண்டனுள் ஒன்றைத் தெரிவு செய்தாக வேண்டும். இத்தகைய கட்டாயத் தெரிவுகள் தன்மைப் பன்மையோடு நிற்பதில்லை. காலத்திலும் திணையிலும் உள்ளன. மனித இனத்தின் நெடுங்கால வாழ்வைப் பற்றிய எழுத்து, இத்தெரிவுகளுக்கு விடை தரும் ஆற்றல் உடையதா இல்லையா என்பதைக் கொண்டே அதன் தரத்தை ஓரளவு அறுதியிடலாம் என்பது இக்கட்டுரையின் கருத்து. இதற்குச் சான்றாக, ஓலாஃப் ஸ்டேப்பிள்டன் (1886–1950) 1930இல் வெளியிட்ட 'லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் மென்' என்னும் நூல் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. நூலின் பெயரை 'இறுதி மனிதரும் முதல் மனிதரும்' எனத் தமிழாக்கலாம்.

2. மூன்று கெடுக்கள்

சூரியனின் எதிர்காலம் பற்றிய கருத்து கடந்த ஒன்றரை நூற்றாண்டில் பெரிதும் மாறியுள்ளது. 1862இல் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு), சூரியன் சுருங்குவதனால் மட்டுமே வெப்பம் பிறக்கிறது எனக் கொண்டு, அதன் வயது பெரும்பாலும் 10 கோடி ஆண்டுகளுக்கு மேற்படாது என மதிப்பிட்டார். வருங்காலத்திலும் பல பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் அது ஒளி தராது என்றார். எனினும், இதுவரை அறியப்படாத வெப்ப மூலம் ஏதேனும் இருந்தாலன்றி என்னும் நிபந்தனையையும் அவர் உடன் சேர்த்தார். அந்த நிபந்தனைத் தொடரே பிற்காலத்தில் மெய்யாயிற்று. 1930களின் இறுதியில் ஹான்ஸ் பெத்தே அணுக்கருப் பிணைவே விண்மீன்களின் ஆற்றல் மூலம் என விளக்கினார். தாம்சனின் முதன்மைத் தொடர் வீழ்ந்தது; சார்புத் தொடர் நின்றது.

இன்றைய கணக்கின்படி சூரியனின் வயது ஏறத்தாழ 457 கோடி ஆண்டுகள். அதன் ஒளிர்வு சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு 10 விழுக்காடு என்னும் அளவில் கூடி வருகிறது. இதனால் மூன்று கெடுக்களைப் பிரித்தறிய வேண்டியுள்ளது. முதலாவது, ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளில் புவியின் கடல்கள் ஆவியாகத் தொடங்கும் நிலை; இக்கால அளவு பற்றிய மதிப்பீடுகள் வேறுபடினும் அளவின் வரிசை இதுவே. இரண்டாவது, ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளில் சூரியனின் கருவிலுள்ள ஹைட்ரஜன் தீர்தல். மூன்றாவது, சூரியன் பன்மடங்கு விரிந்து செந்நிறப் பெருவிண்மீன் ஆதல்; 2008இல் ஷ்ரோடர், ஸ்மித் என்னும் இருவர் செய்த கணிப்பின்படி, இன்றிலிருந்து ஏறத்தாழ 760 கோடி ஆண்டுகளில் அது புவியை விழுங்கும். இறுதியில் எஞ்சுவது வெண்ணிறக் குறுவிண்மீன். இத்தகைய எச்சத்தின் நிறைக்கு உள்ள மேல்வரம்பைக் கண்டறிந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற எஸ். சந்திரசேகர். அதற்கான கணக்கை 1930இல் இங்கிலாந்துக்குச் சென்ற கப்பற்பயணத்தின்போது அவர் தொடங்கினார். ஸ்டேப்பிள்டனின் நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில் என்பது குறிப்பிடத்தக்கது.

பொதுவாசகர்க்கான கட்டுரைகளில் இம்மூன்று கெடுக்களும் ஒன்றாகக் குழம்புகின்றன. 500 கோடி ஆண்டுகள் உள்ளன என்னும் ஆறுதல், கடல் வற்றும் கெடு அதில் ஐந்தில் ஒரு பங்கே என்பதை மறைத்துவிடுகிறது. மொழிபெயர்ப்பில் எண்ணுப்பெயர்களாலும் குழப்பம் நேர்கிறது. 'பில்லியன்' என்பது இன்று 100 கோடியைக் குறிக்கும். ஆனால் பிரிட்டன் 1974இல் தன் அரசு வழக்கை மாற்றிக்கொள்ளும் வரை அங்கு அது ஓர் இலட்சம் கோடியைக் குறித்தது. பழைய ஆங்கில நூல்களை மொழிபெயர்ப்போர் இதனை மறத்தலாகாது.

'ஊழி' என்னும் சொல்லையும் எச்சரிக்கையுடனேயே கையாள வேண்டும். அச்சொல் நெடுங்காலத்தையும் அதன் முடிவையும் ஒருங்கே குறிக்கும். 'ஊழ்' என்பதோடு உறவுடையது. அழிவுக்குப்பின் மீண்டும் படைப்பு என்னும் சுழற்சியைத் தன்னுள் கொண்டது. வானியல் கூறும் சூரியனின் முடிவில் அத்தகைய மீட்சி இல்லை. 'ஊழி' என்று எழுதியவுடன், நூலில் இல்லாத ஓர் ஆறுதலும் நூலில் இல்லாத ஒரு விதிக்கோட்பாடும் தமிழ் வாசகர்க்குக் கிட்டிவிடுகின்றன.

3. நூலின் அமைப்பு

ஸ்டேப்பிள்டன் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்தாது நோயாளர் ஊர்தி ஓட்டியவர். அவருடைய நூலில் தனிமனிதக் கதை இல்லை; கதைத்தலைவரும் இல்லை. ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளில் தோன்றி மறையும் 18 மனித இனங்களின் வரலாறு அதில் கூறப்படுகிறது. இன்றைய மனிதர் 'முதல் மனிதர்'. ஐந்தாம் மனிதரின் காலத்தில் சந்திரன் புவியை நெருங்கி வருவதால் அவர்கள் வெள்ளிக்கோளுக்குக் குடிபெயர்கின்றனர். எட்டாம் மனிதர், வளிமுகில் ஒன்று சூரியனோடு மோதவிருப்பதை முன்னுணர்ந்து, நெப்டியூனில் வாழத்தக்க ஒன்பதாம் மனிதரைத் தாமே வடிவமைக்கின்றனர். 18ஆம் மனிதரே இறுதி மனிதர். அண்மை விண்மீன் ஒன்றிலிருந்து பரவும் கேட்டினால் சூரியன் சிதையவிருப்பதையும், தமக்குப் போக்கிடம் இல்லை என்பதையும் அவர்கள் அறிகின்றனர்.

இவ்வரலாற்றைக் கூறுபவர் இறுதி மனிதருள் ஒருவர். அவர் 20ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஒருவரின் மூளையை ஆட்கொண்டு எழுதுவிக்கிறார்; எழுதுபவரோ தாம் புனைகதை எழுதுவதாகவே கருதுகிறார். ஆக, நூலுக்கு இரண்டு ஆசிரியர்கள். தம் நூல் வருவதுரைத்தல் அன்று, தொன்மம் படைக்கும் முயற்சி என ஸ்டேப்பிள்டன் முன்னுரையில் தெளிவுபடுத்துகிறார்.

நூலின் அறிவியல் பெரும்பகுதி பழமைப்பட்டுவிட்டது. நெப்டியூனில் மனிதர் நடமாடத்தக்க தரை இல்லை. சூரியனின் வாழ்க்கை வரலாறும் அவர் எண்ணியவாறு இல்லை. இருந்தும் இந்நூல் இன்றும் வாசிக்கத்தக்கதாக இருப்பதற்குக் காரணம், அதன் இலக்கணம் பழமைப்படவில்லை என்பதே. காலம், இடம், திணை என்னும் மூன்றிலும் அது எடுக்கும் நிலைப்பாடுகள் கீழே ஆராயப்படுகின்றன.

4. காலம்: இயல்பும் எதிர்வும்

வருங்காலத்தைப் பற்றிய இந்நூல் மிகப்பெரும்பாலும் இறந்தகாலத்தில் எழுதப்பட்டுள்ளது. சொல்பவர் பின்னோக்கிப் பார்க்கிறார் ஆதலின் இது பொருந்துகிறது. எச்.ஜி. வெல்ஸ் 1895இல் எழுதிய 'டைம் மெஷின்' புதினத்திலும், மூன்று கோடி ஆண்டுகளுக்குப் பிந்தைய செங்கதிரவனைக் கண்டவன் மீண்டு வந்து இறந்தகாலத்திலேயே அதனை உரைக்கிறான். இருவரும் எதிர்காலவினையைத் தவிர்த்தனர். இதற்கு மாறாக, இன்றைய அறிவியற் கட்டுரைகள் 'வில்' என்னும் துணைவினையை இடைவிடாது பயன்படுத்துகின்றன. பின்வரும் தொடர்கள் அத்தகைய கட்டுரையொன்றின் தமிழாக்கத்தில் எளிதில் வரக்கூடியவை:

(1) சூரியன் விரியும்.
(2) மனிதர் வேறு கோளுக்குச் செல்வர்.

ஆங்கிலத்தில் இவ்விரண்டிலும் ஒரே துணைவினைதான் வரும். தமிழில் (1)இல் உள்ள 'செய்யும்' வாய்பாட்டு வினை எதிர்காலத்தை மட்டும் குறிப்பதன்று; வழக்கத்தையும் இயற்கையையும் குறிக்கும். மூன்று காலத்திற்கும் ஒத்த இயற்கையை இவ்வகைப் பொதுச்சொல்லால் கூற வேண்டும் எனத் தொல்காப்பியம் விதிக்கிறது. அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் மலையின் நிலைபேறும் ஞாயிற்றின் இயக்கமும் இடம்பெறுகின்றன. என்றும் மாறாதது எது என்று இலக்கண ஆசிரியர்கள் தேடியபோது ஞாயிறே அவர்கள் கண்ணில் பட்டது. அந்த ஞாயிறும் மாறக்கூடியது என்பதை இன்று அதே வினை வாய்பாட்டினால் சொல்ல வேண்டியுள்ளது. 'விரியும்' என்னும்போது அது நிகழவிருக்கும் ஒன்றா, விண்மீன்களின் இயல்பா என்று தமிழ் பிரித்துக் காட்டுவதில்லை. இது குறையன்று. வானியல் கூற்று உண்மையில் இரண்டுமே: இத்தகைய நிறையுடைய விண்மீன் விரிவது இயல்பு, ஆதலின் சூரியனும் விரியும்.

ஆனால் (2) அவ்வாறன்று. மனிதர் செல்வது இயல்பு விதி எதனாலும் பெறப்படுவதில்லை. (1)ஐ அடுத்து (2)ஐ எழுதும்போது, முதல் தொடரின் உறுதி இரண்டாவதற்கும் பரவிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் இங்கு 'செல்லக்கூடும்', 'செல்ல நேரிடலாம்' என்றோ, தாம்சனைப் போல 'சென்றாலன்றி' என நிபந்தனையாகவோ ஆக்குவது மூலத்தைத் திரிப்பதாகாது. மூலத்தில் ஒரே சொல்லுக்குள் மறைந்துள்ள இருவகை உறுதியைப் பிரித்துக் காட்டுவதாகும்.

ஸ்டேப்பிள்டனின் இறந்தகாலம் இச்சிக்கலை வேறு வகையில் தீர்க்கிறது. தெளிவு பற்றிக் காலம் பிறழக் கூறலாம் என நன்னூல் அமைதி கூறும். ஸ்டேப்பிள்டனின் பிறழ்ச்சி தெளிவு பற்றியதன்று. வாசகரை அவருடைய இடத்திலிருந்து பெயர்ப்பதற்காக. 'சென்றனர்', 'அழிந்தனர்' எனப் படிக்கும் முதல் மனிதர், தம் காலமும் அவ்வாறே முடிந்துபோன ஒன்றாகப் பேசப்படுவதைக் காண்கிறார். நூலின் இறுதியில் மட்டும், இறுதி மனிதரின் சொந்த முடிவு பற்றிய பகுதியில், வினைகள் நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் மாறுகின்றன. 200 கோடி ஆண்டுகளைக் கண்டு சொன்னவருக்கும் தம் நாளை தெரியவில்லை. இம்மாற்றத்தைத் தமிழாக்கம் சிதையாது காக்க வேண்டும். நடையின் ஒருமைப்பாடு கருதி எல்லாவற்றையும் ஒரே காலத்தில் அமைப்பது நூலின் முதுகெலும்பை முறிப்பதாகும்.

5. திணை: அவையா, அவர்களா?

தமிழாக்கத்தில் மிகக் கடினமான பகுதி, நூலின் மிகச் சிறந்த பகுதியும் அதுவே, திணை சார்ந்தது.

சூரியனிலிருந்து தொடங்கலாம். பொருளால் உயர்திணையாகக் கருதப்பட்டாலும் அஃறிணை முடிபையே கொள்ளும் சொற்களைத் தொல்காப்பியம் தொகுத்துக் கூறுகிறது. காலம், உலகம், உயிர், ஞாயிறு, திங்கள் என்பன அத்தொகுப்பில் உள்ளன. பிற்கால வழக்கில் 'சூரியன் உதித்தான்' எனவும் 'சூரியன் உதித்தது' எனவும் இரு முடிபும் வழங்குகின்றன. அறிவியல் எழுத்து இரண்டாவதையே ஏற்கிறது. எனினும் கலைச்சொற்களின் வழியே உயர்திணை மீண்டும் நுழைந்துவிடுகிறது. 'சிவப்பு அரக்கன்', 'வெண்குள்ளன்' என்னும் ஆக்கங்கள் சொல்லுக்குச் சொல் பெயர்ப்புகள். 'அரக்கன் புவியை விழுங்குவான்' எனத் தொடர் அமையும்போது, பௌதிக மாற்றம் பகையாக உருவெடுக்கிறது. ஞாயிற்றை அரவு விழுங்கும் பழங்கதையின் சாயலும் படிகிறது. 'செம்பெருமீன்', 'வெண்குறுமீன்' போன்ற ஆக்கங்கள் இவ்விடர்ப்பாட்டைத் தவிர்ப்பதோடு, 'மீன்' என்னும் பழஞ்சொல்லையும் பயன்படுத்திக்கொள்கின்றன.

மனிதரைப் பற்றிய இடத்தில்தான் சிக்கல் முற்றுகிறது. நெப்டியூனில் ஒன்பதாம் மனிதரின் நாகரிகம் நிலைக்கவில்லை. அவர்தம் வழித்தோன்றல்கள் பகுத்தறிவை இழந்து விலங்குகளாகின்றன. சில புல் மேய்கின்றன. சில இரை கொல்கின்றன. பல கோடி ஆண்டுகள் இவ்வாறு கழிந்தபின், அவற்றுள் ஒரு கிளையிலிருந்து மீண்டும் அறிவுடைய இனம் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் இவ்வரலாறு முழுவதையும் 'தே' என்னும் ஒரே படர்க்கைப் பன்மைப் பெயரால் சொல்லிவிட முடிகிறது. தமிழில் முடிவதில்லை:

(3) அவர்கள் மந்தைகளாகத் திரிந்தனர்.
(4) அவை மந்தைகளாகத் திரிந்தன.

இவ்விரண்டுள் எது பொருந்தும்? 'அவை' என்றால், மனிதத் தொடர்ச்சி அறுந்துவிட்டது என மொழிபெயர்ப்பாளர் தீர்ப்பளித்தவராகிறார். 'அவர்கள்' என்றால், பகுத்தறிவு இல்லாதபோதும் மரபுவழி ஒன்றே மனிதத்தன்மைக்குப் போதும் என்றாகிறது. மேலும், பகுத்தறிவு மீண்டபின் எந்தத் தொடரில் 'அவை' 'அவர்கள்' ஆக வேண்டும்? ஒரு விலங்கு மனிதராகும் தருணத்தைத் தமிழ் வினைமுற்று ஓரெழுத்து மாற்றத்தால் அறிவிக்க வேண்டியுள்ளது.

உயர்திணைக்குத் தொல்காப்பியம் தரும் அடிப்படை 'மக்கட்சுட்டு' என்பது. மக்கள் என்று சுட்டப்படுதலே உயர்திணைக்கு அளவுகோல் என உரையாளர் விளக்குவர். உடலமைப்பு அன்று, சுட்டும் கருத்தே அடிப்படை என்னும் இவ்விளக்கம் இந்நூலுக்கு வியக்கத்தக்க அளவில் பொருந்துகிறது. ஏனெனில் சுட்டுபவர் யார் என்னும் வினாவை அது எழுப்புகிறது. நூலில் சுட்டுபவர் இறுதி மனிதர். அவர் தம் முன்னோராகிய விலங்குகளைப் பரிவோடு நோக்குகிறார். ஆதலின், முழுமையும் 'அவை' என எழுதுவதினும், இனத்தைத் தொகுத்துக் கூறும் தொடர்களில் 'மனித மரபு', 'அவ்வழியினர்' என ஆண்டு, நடத்தையை விவரிக்கும் தொடர்களில் அஃறிணை முடிபு தருவது தக்கது எனலாம்.

இதே அளவுகோல் வெள்ளிக்கோள் நிகழ்ச்சியில் வேறு முகம் காட்டுகிறது. ஐந்தாம் மனிதர் அக்கோளைத் தமக்கேற்ப மாற்ற முற்படும்போது, அதன் கடல்களில் அறிவுடைய உயிர்கள் வாழ்வதைக் காண்கின்றனர். மாற்றம் அவ்வுயிர்களுக்குக் கேடாகிறது. முடிவில் ஐந்தாம் மனிதர் அவ்வினத்தை முற்றாக அழிக்கின்றனர். அச்செயலுக்குப்பின் மனிதரிடையே இருவேறு மனநிலைகள் தோன்றியதாக நூல் கூறுகிறது: ஒன்று மனித இனத்தின்மீதே கொள்ளும் அருவருப்பு, மற்றொன்று நடந்ததை ஏற்று நிமிரும் ஒருவகைப் பெருமிதம். அக்கடலுயிர்களைத் தமிழில் 'அவர்கள்' என்பதா, 'அவை' என்பதா? 'அவை' என்றால் நிகழ்ந்தது இடம் திருத்தல். 'அவர்கள்' என்றால் இனக்கொலை. அழித்தவர்களின் இரு மனநிலைகளும் உண்மையில் இவ்விரு சுட்டுகளே.

மனித இனம் சூரியனின் முடிவைத் தாண்டி வாழ வேண்டும் எனப் பேசும் எழுத்துகள் பெரும்பாலும் வேறிடம் செல்வதை வெற்றிடத்திற்குச் செல்வதாகவே கருதுகின்றன. ஸ்டேப்பிள்டன் அவ்வாறு கருதவில்லை. தப்பிப்பிழைத்தலுக்கு விலை உண்டு என்பதையும், அதைக் கொடுத்தவர் தப்பியவர் அல்லர் என்பதையும் அவர் எழுதினார். அவர் எழுதிய ஆண்டில் ஐரோப்பியப் பேரரசுகள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நிலைகொண்டிருந்தன என்பதை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். மொழிபெயர்ப்பாளர் 'அவை' என எழுதி இப்பகுதியைக் கடந்துவிட்டால், நூலின் அறத்தை ஒரு விகுதியால் அழித்தவராவார்.

6. இடம்: நாமும் நாங்களும்

பழந்தமிழில் தன்மைப் பன்மை வினைவிகுதிகளே உளப்பாட்டு வேறுபாட்டைக் காட்டின. அம், ஆம் என்பன முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் என்பன படர்க்கையாரையும் உளப்படுத்தும் என நன்னூல் வகுத்துக் கூறும். இன்றைய தமிழில் 'ஓம்' ஒன்றே எஞ்சி, வேறுபாடு மூவிடப்பெயரில் மட்டும் நிற்கிறது. இவ்வேறுபாடு தெலுங்கிலும் மலையாளத்திலும் உண்டு. மராத்தி, குஜராத்தி ஆகிய இந்தோ-ஆரிய மொழிகளிலும், சந்தாலி முதலிய முண்டா மொழிகளிலும் உண்டு. இக்காலக் கன்னடத்திலும் இந்தியிலும் இல்லை. எனவே கீழே கூறப்படுவது தமிழுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. இந்நூலை மராத்தியில் ஆக்குபவர் சந்திப்பதை இந்தியில் ஆக்குபவர் சந்திக்கமாட்டார்.

நூலின் தொடக்கத்தில் இறுதி மனிதர் வாசகரை நேரே விளித்துப் பேசுகிறார். அங்கு வரும் 'வீ' ஐயத்திற்கு இடமின்றி 'நாங்கள்' ஆகும். எதிரே இருப்பது 'நீங்கள்'. 200 கோடி ஆண்டுத் தொலைவு இவ்விரு சொற்களுக்கிடையே அடங்குகிறது. தமிழ் வாசகர்க்கு இது ஆங்கில வாசகரினும் கூர்மையாகப் புலப்படும். மனிதகுலத்தின் உச்சநிலை பற்றி வாசிக்கும்போதெல்லாம் அது தம்மை விலக்கியே பேசப்படுகிறது என்பதை ஒவ்வொரு 'நாங்களும்' நினைவூட்டும். மனித இனம் நெடுங்காலம் வாழ்ந்தது. ஆனால் வாழ்ந்தவர் 'நாம்' அல்லர்.

நூலின் முடிவில் நிலை மாறுகிறது. இறுதி மனிதருள் இளையவர் தம் இனத்தாரிடம் பேசும் சொற்களைச் சொல்பவர் எடுத்துரைக்கிறார். அப்பேச்சில் கேட்போர் பேசுவோரின் இனத்தவரே. ஆதலின் அங்கு 'நாம்' என்பதே இலக்கணப்படி பொருந்தும். வாசகர் அப்பேச்சை அருகிலிருந்து கேட்பவர் மட்டுமே. ஆயினும் நூல் முழுதும் 'நாங்கள்' என விலக்கப்பட்டு வந்தவர் காதில், இறுதிப் பக்கத்தில் முதன்முறையாக 'நாம்' விழுகிறது. ஆங்கிலத்தில் இல்லாத ஒரு விளைவைத் தமிழாக்கம் இங்கே பெறுகிறது. மொழிபெயர்ப்பில் இழப்பு மட்டுமே நேரும் என்னும் கருத்துக்கு இது மறுப்பு. இடையில் எங்கும் 'நாம்' கலந்துவிடாமல் காத்தாலன்றி இவ்விளைவு கிட்டாது என்பதையும் உடன் கூற வேண்டும்.

7. பெயரின் தொடர்ச்சி

18 இனங்களையும் ஸ்டேப்பிள்டன் 'மென்' என்னும் ஒரே பெயரால் அழைக்கிறார். உருவத்திலும் புலன்களிலும் வாழ்நாளிலும் பெரிதும் வேறுபட்டவர்களுக்கு ஒரு பெயர் பொருந்துமா? மொழியியலார்க்கு இவ்வினா புதிதன்று. இலத்தீன் இறந்த மொழி எனப்படுகிறது. ஆனால் அதைப் பேசியோர் எந்தத் தலைமுறையிலும் பேச்சை நிறுத்தவில்லை. அது பிரெஞ்சும் இத்தாலியமும் ஸ்பானியமும் ஆயிற்று, பெயர் மாறியது. சங்கப் பாடல்களின் மொழியும் இன்றைய மொழியும் 'தமிழ்' என்னும் ஒரே பெயரால் வழங்குகின்றன. மேற்குக் கரையில் அதே மரபின் ஒரு கிளைக்கு 'மலையாளம்' எனப் பெயர் வந்தது. மாற்றத்தின் அளவு மட்டும் பெயரைத் தீர்மானிப்பதில்லை. தம்மை இன்னார் எனக் கருதுவோரின் கருத்தும் தீர்மானிக்கிறது.

கிளைமொழித் தொடரில், அடுத்தடுத்த ஊரார் ஒருவர் பேச்சை ஒருவர் அறிவர். இரு முனையில் உள்ளோர் அறியார். 'நாம்' என்பதும் அத்தகையதே. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையை நோக்கி 'நாம்' எனலாம். அது தனக்கடுத்ததை நோக்கி அவ்வாறே எனலாம். ஆனால் முதற்கண்ணி கடைக்கண்ணியை நோக்கி 'நாம்' என்பதற்கு அச்சங்கிலி உரிமை தருவதில்லை. 'ஹோமோ சேப்பியன்ஸ்' தோன்றி ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன. கடல் வற்றும் கெடுவோ 100 கோடி ஆண்டுகள். அதே அளவு பின்னோக்கிச் சென்றால் புவியில் விலங்கு என ஒன்றும் இல்லை.

மொழியியலார் நடைமுறையில் எதிர்கொண்ட மிக நெடிய காலப்பணி 10,000 ஆண்டுகள் அளவினது. அணுக்கழிவு புதைக்கப்பட்ட இடங்களைப் பற்றிப் பிற்காலத்தவரை எச்சரிக்கும் வழிகளை ஆராய்ந்து குறியியலறிஞர் தாமஸ் செபியாக் 1984இல் அறிக்கை அளித்தார். எந்த ஒரு செய்தியும் அத்துணைக் காலம் பொருள் மாறாது நில்லாது என்பதால், சில தலைமுறைகளுக்கொருமுறை செய்தியைப் புதுப்பித்துக் கைமாற்றும் அஞ்சல் முறையை அவர் முன்மொழிந்தார். கெடுதல் வாய்ப்பு குறைந்த குறியைத் தேடுவதைவிட, அடுத்தவர்க்குச் சொல்லும் கடமையைத் தொடரச் செய்வதே வழி என்பது அதன் சாரம். கடல் வற்றும் கெடு அக்கால அளவைப் போல் ஓர் இலட்சம் மடங்கு.

ஸ்டேப்பிள்டனின் குறை இவ்விடத்தில்தான் தெரிகிறது. 200 கோடி ஆண்டு இடைவெளியைக் கடந்து ஒருவர் பேசுவதை அவர் எண்ணத் தொடர்பு என்னும் உத்தியால் எளிதாக்கிவிட்டார். தம் கருத்துகளை முதல் மனிதரின் மூளைக்குள் அடக்குவது கடினம் எனச் சொல்பவர் வருந்துவதோடு சரி. எது மொழிபெயர்க்க இயலாமல் நின்றது என்பதை நூல் காட்டவில்லை. திணைக்கும் இடத்திற்கும் அத்துணைக் கூர்மை காட்டியவர், மொழிக்கு அதனைக் காட்டவில்லை.

8. முடிவுரை

சூரியனின் தொலைவெதிர்காலம் பற்றிய எழுத்தைத் தமிழாக்குவோர் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டியுள்ளது. கூறப்படுவது இயல்பா, எதிர்பார்ப்பா? குறிக்கப்படுவோர் அவர்களா, அவையா? பேசுவது நாமா, நாங்களா? ஸ்டேப்பிள்டனின் நூல் இவ்வினாக்களைத் தாங்குகிறது. கேட்கக் கேட்க அதன் பொருள் விரிகிறது. 'நாம் வேறு விண்மீனுக்குச் சென்று வாழ்வோம்' என எளிதாகக் கூறும் எழுத்துகள் முதல் வினாவிலேயே தடுமாறுகின்றன.

'நாம்' என்னும் சொல்லுக்குக் கேட்பவர் ஒருவர் வேண்டும். 500 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தையவர் கேட்கமாட்டார். அடுத்த தலைமுறையினர் கேட்பர். அவர்களை உளப்படுத்திப் பேசும் வரையில் அச்சொல் பிழையின்றி நிற்கும். அதற்கு அப்பால் உள்ளவர்களுக்குத் தமிழில் 'அவர்கள்' என்னும் சொல் இருக்கிறது. அதுவும் உயர்திணைச் சொல்லே.